ஆன்லைன் தெரபி நாலு செஷன் ஆச்சு, இது சரியா தான் போகுதா?

பல்லடம்_பொண்ணு:

வணக்கம்ங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் தான் இருக்கேன், எழுதறது இதுதான் மொத தடவ. கொஞ்சம் நீளமா போயிரும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 29 வயசு, கல்யாணமாகி ரெண்டரை வருஷம். பெங்களூர் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன். மாமனார் மாமியார் கூட தான் இருக்கோம், தங்கமான மனுஷங்க, அவங்க மேல ஒரு குறையும் இல்ல. வீட்டுக்காரர் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், தினமும் பைக்ல போயிட்டு வர்றார். ஏழு மணிக்கு வரணும். ஏழு பத்து ஆச்சுன்னா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுரும், கை சில்லுன்னு ஆயிரும், வயித்த கலக்கும், ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா அவ்ளோதான். உடனே போன் போடுவேன், எடுக்கலன்னா இன்னொன்னு, அப்புறம் இன்னொன்னு. தை மாசம் ஒரு நாள் மொத்தம் 23 மிஸ்டு கால். மனுஷன் வீரபாண்டி பிரிவுகிட்ட டிராபிக்ல மாட்டிருக்கார், போன் பேக்குக்குள்ள. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல, போனை எடுத்து அந்த 23ஐ எனக்கு காமிச்சாரு, டேபிள் மேல வச்சுட்டு கை கழுவ போயிட்டாரு. நாலு வார்த்தை திட்டிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு.

அதுல இருந்து எங்களுக்குள்ள பேச்சு கொஞ்சம் கொறைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமையானா எனக்கு எந்திரிக்கவே தோணறதில்ல, மடிக்க வேண்டிய துணி கட்டில்லயே மூணு நாள் கெடக்கும். அப்போ தான் ஆன்லைன்ல ஒரு தெரபிஸ்ட் புடிச்சேன், பெங்களூர்ல இருக்காங்க, 50 நிமிஷத்துக்கு 1200 ரூபா. நல்லவங்க தான். மொத செஷன்ல ரெண்டு கேள்வித்தாள் குடுத்தாங்க, பதட்டத்தை அளக்கற ஜிஏடி 7ல எனக்கு 14, மனச்சோர்வை அளக்கற பிஹெச்க்யூ 9ல 9 வந்துச்சு. வீட்டுப்பாடம்னு அஞ்சு கட்டம் போட்ட ஒரு ஷீட், என்ன நடந்துச்சு, என்ன நெனச்சேன்னு எழுதணும்.

இப்போ பிரச்சனை என்னன்னா, அவங்களுக்கு தமிழ் புரியும் ஆனா பேச வராது, அதனால எல்லாம் இங்கிலீஷ்ல போகுது. நான் மூணாவது செஷன்ல அப்பா ஆக்சிடென்ட் பத்தி சொன்னேன், நான் பன்னெண்டாவது படிக்கறப்போ நடந்தது, உயிருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா ராத்திரி பூரா எங்களுக்கு தகவலே தெரியாது. அதை சொல்றப்போ எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. ஆபீஸ் கால்ல ஸ்டேட்டஸ் சொல்ற மாதிரியே சொல்லி முடிச்சேன். அப்புறம் கீழ இறங்கி வந்து எங்க அம்மாவுக்கு போன் பண்ணி சும்மா "சாப்டீங்களாம்மா"ன்னு கேட்டேன், அங்க வந்துச்சு பாருங்க அழுகை.

இன்னொன்னு, வீட்டுல யாருக்கும் தெரியாது. மொட்டை மாடில தண்ணி டேங்க் நெழல்ல உக்காந்து பேசறேன். பக்கத்துல தறி ஓடற சத்தம், அதுவே ஒரு வகைல பாதுகாப்பு, நான் பேசறது யாருக்கும் கேக்காது. போன வாரம் கரண்ட் போச்சு, தறி நின்னுருச்சு, நான் பேச்ச நிறுத்திட்டேன். அதே நேரம் பாத்து மாமியார் காபி எடுத்துட்டு மேல வந்தாங்க, லேப்டாப்ப படக்குனு மூடினேன், "என்ன சாமி மீட்டிங்கா"ன்னாங்க, ஆமாங்க அத்தைன்னேன். அந்த பொய் ரெண்டு நாள் உறுத்துச்சு. அவருக்கு மட்டும் சொன்னேன், "நம்ம வீட்டு விஷயத்தை எதுக்கு மூணாவது ஆளுகிட்ட"ன்னு ஒரே வரி, அதோட முடிச்சுட்டார்.

நாலு செஷன், 4800 ரூபா. தொடரலாமா, ஆள மாத்தலாமா, இல்ல எனக்கு இதெல்லாம் செட் ஆகாதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ராத்திரி_ஷிப்ட்:

சிஸ், உங்க போஸ்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். நான் வேளச்சேரி, போன வருஷம் 14 செஷன் எடுத்தேன், எல்லாமே அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல காருக்குள்ள உக்காந்து. செக்யூரிட்டி அண்ணன் ஒரு நாள் கண்ணாடிய தட்டி "சார் வீட்டுல சண்டையா"ன்னு கேட்டார். கேவலமா இருந்துச்சு, ஆனா சிரிப்பும் வந்துச்சு.

மொழி மேட்டர் நூத்துக்கு நூறு உண்மை. எனக்கும் மொத ஆள் இங்கிலீஷ் தான். "ஐ ஃபீல் ஆங்ஷியஸ்"னு சொல்லுவேன், லீவ் லெட்டர் எழுதற மாதிரி இருக்கும். "அடிவயித்துல கத்தி சொருவுன மாதிரி இருக்கு"ன்னு சொல்றது வேற. என்னோட தப்பு என்னன்னா அதை அவங்ககிட்ட சொல்லாமயே ரெண்டு செஷன் கேன்சல் பண்ணி, மெசேஜுக்கு பதில் போடாம அப்படியே காணாம போயிட்டேன். நாலு மாசம் வீணா போச்சு. நீங்க எங்ககிட்ட எழுதுன இந்த அழுகை கதை இருக்கு பாருங்க, அம்மாவுக்கு போன் பண்ணது, அதை அப்படியே அடுத்த செஷன்ல மொத அஞ்சு நிமிஷத்துல அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்களுக்கு தமிழ் புரியும்னா நீங்க தமிழ்லயே பேசலாமே, அவங்க இங்கிலீஷ்ல பதில் சொல்லட்டும். எங்க ஆபீஸ்ல பாதி மீட்டிங் அப்படித்தான் நடக்குது.

அப்புறம் அந்த 23 கால் பத்தி ஒண்ணு. எனக்கு அது வேற ரூபத்துல இருந்துச்சு, கேஸ் மூடிட்டமான்னு ஆபீஸ்ல இருந்து மனைவிக்கு கால் பண்ணிட்டே இருப்பேன். அவ "மூடிருக்கு"ன்னு சொன்ன உடனே அப்பாடான்னு இருக்கும், பத்து நிமிஷத்துல மறுபடி. நிறுத்துன்னு யாரும் சொல்லல எனக்கு, சொல்லிருந்தாலும் முடிஞ்சிருக்காது. மொதல்ல அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடு, அப்புறம் பத்து, அப்புறம் இருபதுன்னு தான் போச்சு. அந்த மொத அஞ்சு நிமிஷம் இருக்கே, அடேயப்பா.

நெல்லை_அண்ணாச்சி:

தங்கச்சி தப்பா எடுத்துக்காதம்மா. எங்க காலத்துல எங்க ஆத்தா திண்ணையில உக்காந்து பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேசியே எல்லாத்தையும் கரைச்சுட்டா, ஒரு பைசா செலவில்ல. 50 நிமிஷம் கேக்கறதுக்கு 1200 ரூபாயா? செல்போன் தான் எல்லாத்துக்கும் காரணம். அந்த காலத்துல மாப்ள வர்ற வரைக்கும் தகவலே கெடயாது, யாருக்கும் படபடப்பு வரல. குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க ரெண்டு பேரும், காலையில நடங்க, சரியாயிரும்.

சேதுக்கரை:

அண்ணாச்சி, "கோயிலுக்கு போனா சரியாயிரும்"னு சொல்றவங்கள பாத்தாலே எங்க ஊர்க்காரனுக்கு கோவம் வரும். ஏர்வாடில தர்கா பக்கம் மனநோயாளிகள வச்சிருந்த ஒரு காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6ம் தேதி தீ விபத்துல 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டி வச்சிருந்ததால ஓட முடியாம. டாக்டர்கிட்ட போக வேண்டியவங்கள தர்காவுல குணமாகும்னு கொண்டு வந்து விட்டுட்டு போனதோட முடிவு அது.

ராத்திரி_ஷிப்ட்:

ப்ரோ அது வேற, இது வேற. அவர் நடக்க சொன்னார், கோயிலுக்கு போயிட்டு வர சொன்னார், அவ்ளோ தானே. அந்த பொண்ணு ஏற்கனவே பயந்துட்டு இருக்கு, நீங்க வேற.

வெள்ளை_கோட்டு_இல்லை:

நான் கிளினிகல் சைக்காலஜிஸ்ட், பத்து வருஷத்துக்கு மேல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் தனியாவும் பாத்தாச்சு. உங்கள பாக்காம இங்க எதுவும் முடிவா சொல்ல மாட்டேன், பொதுவா மட்டும் சொல்றேன் மா.

உங்க 14 பத்தி மொதல்ல. ஜிஏடி 7ல ஏழு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க்கு, மொத்தம் 21. அஞ்சுக்கு மேல லேசு, பத்துக்கு மேல நடுத்தரம், பதினஞ்சுக்கு மேல கடுமை. அதனால நீங்க நடுத்தரத்தோட மேல் விளிம்புல இருக்கீங்க. மனச்சோர்வு கேள்வித்தாள்ல எடுத்த ஒம்போது லேசுல வரும். இது ரெண்டு வாரத்து நெலவரம் மட்டும் தான், காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் மாதிரி, என்ன நோய்னு அது சொல்லாது. ஆனா ஆறாவது ஏழாவது செஷன்ல மறுபடி போட்டு பாக்க சொல்லி நீங்களே கேளுங்க. அப்புறம் அந்த மனச்சோர்வு கேள்வித்தாள்ல கடைசி கேள்வி, செத்துட்டா தேவலைன்னு தோணுதாங்கறது, அதுல நீங்க பூஜ்யம் தவிர வேற எதாச்சும் போட்டிருந்தா அதை செஷன்ல வாய் விட்டு பேசியே ஆகணும், அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். 14416னு ஒரு நம்பர், டெலி மானஸ்ங்கற மனநல உதவி லைன், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, நம்ம மாநிலத்துல நட்புடன் உங்களோடுன்னு பேரு. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கெடயாது, தமிழ்லயே பேசலாம். பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்குன்னும் அவங்ககிட்டயே கேக்கலாம்.

அந்த போன் விஷயம். ராத்திரி_ஷிப்ட் தம்பி அனுபவத்துல சொன்னதுக்கு பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. நீங்க கால் பண்றீங்க, அவர் எடுக்கறார், படபடப்பு எறங்குது. மூளை என்ன படிச்சுக்குதுன்னா "நான் போன் பண்ணதால தான் அவர் பத்திரமா இருக்கார்"னு. அவர் பத்திரமா இருந்தது போன் பண்றதுக்கு முன்னாடியே தான், ஆனா அதை பாக்க மூளைக்கு நீங்க சந்தர்ப்பமே குடுக்கல. அதனால அடுத்த தடவ ஏழு பத்துக்கு வந்தது ஏழு அஞ்சுக்கே வரும். இதை உடைக்க ஒரே வழி போன் பண்ணாம உக்காந்து அந்த அலை தானா ஏறி தானா எறங்கறத பாக்கறது தான், கொஞ்சம் கொஞ்சமா, தெரபிஸ்ட் கூட பேசி வச்சுட்டு. நல்லா கவனிங்க, அதுக்கு பதிலா கூகுள் மேப்ல அவர் லொக்கேஷன பாத்துட்டு இருந்தா அதுவும் போன் பண்ற கணக்கு தான். என்கிட்ட வர்றவங்க பாதி பேர் இந்த திருட்டுத்தனம் பண்ணிட்டு தான் "கால் பண்ணலையே மேடம்"ம்பாங்க.

நாலு செஷன் கம்மி. பதட்டத்துக்கான சிபிடி வகை தெரபின்னா, அதாவது நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தி பழகறது, வழக்கமா 12ல இருந்து 16 செஷன் போகும். ஆனா நாலாவது செஷன் முடியறப்போ "நாம எதை நோக்கி போறோம்"னு ரெண்டு பேருக்கும் ஒரே பதில் இருக்கணும். உங்ககிட்ட அந்த பதில் இருக்கா? இல்லன்னா அதை கேளுங்க. அந்த அஞ்சு கட்டம் ஷீட்ட அடுத்த செஷன்ல அவங்க எடுத்து பாக்கறாங்களா? பாக்கலன்னா அது ஒரு சிக்னல்.

அவங்க படிப்பையும் பாத்துக்கோங்க. கிளினிகல் சைக்காலஜிஸ்ட்னு போட்டிருந்தா டெல்லியில இருக்கற ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு இருக்கணும், நம்பர் கேட்டா குடுப்பாங்க, கேக்கறதுல தப்பே இல்ல. கவுன்சிலர்னா அந்த மாதிரி கட்டாயப் பதிவு இதுவரை இங்க நடைமுறையில இல்ல, எம்எஸ்ஸி படிச்சு அருமையா பண்றவங்களும் இருக்காங்க, மூணு மாச ஆன்லைன் கோர்ஸ் முடிச்சுட்டு போர்டு மாட்டுனவங்களும் இருக்காங்க. அதனால எங்க படிச்சீங்க, எந்த சீனியர்கிட்ட சூப்பர்விஷன் எடுக்கறீங்கன்னு கேளுங்க. மாத்திரை எழுதறது டாக்டருங்க தான், வழக்கமா சைக்கியாட்ரிஸ்ட்ங்கற மனநல டாக்டர், எங்களால முடியாது.

ரத்தத்துல தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ஒரு தடவ பாத்துருங்க. தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே படபடப்பு தான் வரும், அதை மூணு மாசம் பேசி சரி பண்ண முடியாது. ஒரு நாளைக்கு எத்தன காபி?

கடைசியா இதை கேக்காம விட மாட்டேன். வீட்டுல அடி, மிரட்டல், போனை புடுங்கறது மாதிரி எதாச்சும் இருக்கா? நீங்க எழுதுனதுல அப்படி ஒண்ணும் தெரியல. இருந்தா 181, பெண்கள் உதவி நம்பர். அது இல்லாத பட்சத்துல ஒரு செஷனுக்கு அவர கூப்பிட்டு வெக்கறது நல்லது, ஆனா முழு கப்பிள் தெரபின்னா வேற ஆள்கிட்ட போறது தான் முறை, உங்க தெரபிஸ்டே ரெண்டு பேருக்கும் பாத்தா அவருக்கு "இவங்க உன் ஆளு"ன்னு தான் தோணும்.

எடிசன்_அக்கா:

நான் நியூ ஜெர்சி. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிட்டு போறேன். ஆப் மூலமா போறீங்கன்னா எந்தெந்த கேள்விக்கு என்ன டிக் பண்றீங்கன்னு பாத்து பண்ணுங்க. இங்க பெட்டர்ஹெல்ப்ங்கற ஆன்லைன் தெரபி கம்பெனி மேல அரசாங்கத்தோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023ல நடவடிக்கை எடுத்துச்சு, ஆளுங்களோட மெயில் ஐடி, கேள்வித்தாள் விவரமெல்லாம் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்கு போச்சுன்னு. 78 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க, தப்பு பண்ணதா ஒத்துக்கல. அதுக்கப்புறம் நான் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் தனியா ஒரு மெயில் ஐடி வச்சுக்கிட்டேன். நீங்க நேரா தெரபிஸ்ட்கிட்டயே பேசறீங்கன்னா நல்லது. ஊர்லயும் 2017 மனநல சட்டத்துல ரகசியம் காக்கணும்னு 23வது பிரிவு இருக்கு, ஆனா அது ஆபத்து நேரத்துல பொருந்தாது, அதை மொத செஷன்லயே சொல்லிருப்பாங்க.

இன்னொன்னு, நீங்க ஊர்ல இருக்கறது ஒரு வகைல கொடுத்து வச்சது. இங்க லைசன்ஸ் ஸ்டேட் வாரியா, தமிழ் பேசற ஒருத்தங்கள கண்டுபிடிச்சேன், அவங்க கலிஃபோர்னியா, என்ன எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க. மாமியார் ஊர்ல இருந்து ஆறு மாசம் வந்து இருந்தப்போ நானும் காஸ்ட்கோ கடை பார்க்கிங்ல காருக்குள்ள தான் மா செஷன் பேசினேன். காருக்குள்ள அழுதா மூஞ்சி வீங்கிரும், ஒரு தண்ணி பாட்டில் வச்சுக்கோ.

கணக்குப்பிள்ளை:

4800ன்னதும் வந்தேன். உங்க கம்பெனில இஏபின்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க, எம்ப்ளாயி அசிஸ்டென்ஸ், பெரிய கம்பெனிகள்ல சில செஷன் இலவசமா குடுப்பாங்க, யார் போனாங்கன்னு ஹெச்ஆருக்கு பேர் போகாது, எண்ணிக்கை மட்டும் தான் போகும்னு எங்க கம்பெனில எழுதியே குடுத்தாங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ நம்பாதீங்க, மன நோயையும் உடம்பு நோய் மாதிரியே கவர் பண்ணணும்னு சட்டம் இருக்கு, ஆனா சாதாரண பாலிசில ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா தான் காசு, ஓபி செஷனுக்கு வராது. வாரா வாரம் முடியலன்னா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு கேட்டு பாருங்க.

நெல்லை_அண்ணாச்சி:

அந்த மேடம் எழுதுனத வாசிச்சேன். போன் பண்ணா பயம் கூடும்ங்கறது புதுசா இருக்கு. என் வீட்டுக்காரி, மவன் துபாய் போனதுல இருந்து அவன் வாட்ஸப்ல "லாஸ்ட் சீன்" பாத்துக்கிட்டே கெடக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கும். நான் திட்டுவேன். சும்மா சொல்லணும்னு தோணிச்சு. அந்த 14416ல வயசானவங்களும் பேசலாமா?

வெள்ளை_கோட்டு_இல்லை:

தாராளமா பேசலாம் அண்ணாச்சி. உங்க வீட்டுக்கார அம்மாவுக்காக நீங்களே கூப்பிட்டும் கேக்கலாம்.

பல்லடம்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

மொதல்ல மேடம் கேட்டதுக்கு. அடி மிரட்டல்லாம் சத்தியமா இல்லைங்க. கடைசி கேள்விக்கு பூஜ்யம் தான் போட்டேன். காபி அஞ்சு, இப்போ மூணு. தைராய்டு நார்மல், ஹீமோகுளோபின் 9.8, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அப்புறம் அந்த கூகுள் மேப் திருட்டுத்தனம், ஹிஹி, ஆமாங்க.

அஞ்சாவது செஷன்ல சொல்லிட்டேன். அழுகை வர்றதில்லைங்கறத சொல்றதுக்கே கை நடுங்குச்சு, அவங்க கோவிச்சுக்குவாங்களோன்னு. அவங்க பேனாவ கீழ வச்சுட்டு "தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ, தமிழ்ல பேசுங்க"ன்னாங்க, அந்த கடைசி ரெண்டு வார்த்தைய தமிழ்லயே, "பேசுங்கோ"ன்னு. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் அப்பா கதைய மறுபடி சொன்னேன், அந்த ராத்திரி எங்க வீட்டு லேண்ட்லைன் அடிக்கவே இல்லன்னு சொல்ற எடத்துல ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. ஏழு பத்துக்கும் அந்த போனுக்கும் சம்பந்தம் இருக்கும்னு இத்தன வருஷத்துல எனக்கு தோணுனதே இல்லைங்க.

பதினஞ்சு நிமிஷம் தள்ளிப்போடறதுன்னு பேசி வச்சோம். மேப்ப போன்ல இருந்தே எடுத்தாச்சு. மொத நாள் ஏழு பத்துக்கு போனை அரிசி டப்பா மேல வச்சுட்டு சின்ன வெங்காயம் உரிக்க உக்காந்தேன். முப்பத்தியோரு வெங்காயம் எண்ணினேன். பதினெட்டாவதுல எந்திரிச்சு போய் போனை தொட்டுட்டு திரும்பி வந்தேன், அது தான் உச்சம், அதுக்கப்புறம் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. ஏழு இருவத்திரெண்டுக்கு வண்டி சத்தம். உள்ள வந்து "எதுக்கு இவ்ளோ வெங்காயம், யாராச்சும் வர்றாங்களா"ன்னார். சொன்னேன். ஒண்ணும் சொல்லல, பக்கத்துல உக்காந்து நாலு வெங்காயம் உரிச்சார், கண்ணுல தண்ணி வேற. மூணாவது நாள் முடியல, எட்டு நிமிஷத்துல போட்டுட்டேன், ஒரே கால் தான். அவர் எடுத்து "இன்னைக்கு எத்தன வெங்காயம்"னார்.

செஷனுக்கு வர்றியான்னு கேட்டா இன்னும் "பாக்கலாம்"னு தான் சொல்றார். மாமியார்கிட்ட இன்னும் சொல்லல, இந்த வாரம் முழுக்க சாம்பார்ல ஏன் இவ்ளோ வெங்காயம்னு அவங்க கேட்டுட்டே இருக்காங்க.

ஒரு சின்ன ஹெல்ப், சாயந்திரம் ஸ்லாட் தான் கெடச்சிருக்கு, அந்த நேரம் தறியோட சேர்ந்து தண்ணி மோட்டாரும் ஓடும், நான் பேசறது அவங்களுக்கு சரியா கேக்கறதில்லையாம். ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள மைக் நல்லா இருக்கற ஹெட்செட் எதாச்சும் சொல்லுங்களேன், வயர் இருந்தாலும் பரவால்ல.